புன்னகையைச் சீராக்கும் பல் சிகிச்சைகள்: எதில் எவ்வளவு எனாமல் செலவாகிறது?

முன்பற்களின் தோற்றத்தைச் சீராக்கிக்கொள்ள எங்கள் பல் மருத்துவப் பிரிவுக்கு வருவோரில் பலர், எந்தச் சிகிச்சை வேண்டும் என்பதை முன்னரே முடிவு செய்துகொண்டு வருகின்றனர். "ஆறு பற்களுக்கும் கேப் போட்டுவிடுங்கள்" என்பார் ஒருவர். "பிளீச்சிங் செய்தால் எனாமல் போய்விடுமாமே" என்று அஞ்சுவார் மற்றொருவர். திருமண நாள் குறித்த குடும்பங்களிலிருந்து இத்தகைய கேள்விகள் மிகுதியாக வருகின்றன. செலவு எவ்வளவு, எத்தனை முறை வரவேண்டும் என்பவற்றை எல்லோரும் கேட்கின்றனர். இதற்காகப் பல்லில் எவ்வளவு தேய்த்து எடுப்பீர்கள் என்று கேட்போர் மிகச் சிலரே. சிகிச்சைகளை ஒப்பிடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று நாங்கள் கருதுகிறோம்.

முறிந்த எலும்பு கூடிவிடும். கிழிந்த தோல் ஆறிவிடும். எனாமல் ஒருமுறை போனால் மீண்டும் வளர்வதில்லை. அதை உருவாக்கும் உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. மேல் முன்பல்லின் வெளிப்பரப்பில் எனாமலின் தடிமன் நுனியை ஒட்டிச் சுமார் 1 மில்லிமீட்டர். ஈறை நெருங்கும் இடத்தில் அதில் பாதிகூட இராது. அதற்கு அடியில் இயல்பாகவே மஞ்சள் நிறம் கொண்ட டென்டின் என்னும் அடுக்கும், அதற்குள் நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ளன. எனாமல் ஓரளவு ஒளியை ஊடுருவவிடும். ஆகவே நலமான பல்லிலும் மெல்லிய மஞ்சள் சாயல் தெரிவது இயல்பே. வயது ஏற ஏற எனாமல் தேய்வதால் அச்சாயல் கூடுகிறது. அடுப்புக்கரி, செங்கல் தூள், உப்பு ஆகியவற்றால் அழுந்தத் தேய்ப்பவர்களின் பல் சில நாட்கள் வெளுத்ததுபோல் தோன்றிப் பின்னர் முன்னைவிட மஞ்சளாவதற்கும் இதுவே காரணம்.

அடுத்து, நிறமாற்றம் பல்லின் மேற்பரப்பில் உள்ளதா, உள்ளே உள்ளதா என்பதை அறிய வேண்டும். வெற்றிலை, புகையிலை, தேநீர், குளோர்ஹெக்சிடின் கலந்த வாய்க்கொப்பளிப்பு மருந்து ஆகியவற்றால் படியும் கறைகள் மேற்பரப்பைச் சார்ந்தவை. அவற்றுக்குப் பற்களைச் சுத்தம் செய்து மெருகூட்டினாலே போதும். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்னும் அச்சம் இன்றும் பல வீடுகளில் நிலவுகிறது. பல்லைத் தாங்கும் எலும்பை ஈறுநோய் ஏற்கெனவே அரித்திருக்கும். இறுகிய காரை அதை மறைத்து நிற்கும். காரையை நீக்கியதும் உண்மை நிலை வெளிப்படும். குற்றம் சுத்தம் செய்ததில் இல்லை. வேறு சிகிச்சை எதுவானாலும் இதற்குப் பின்னரே தொடங்க வேண்டும். இதோடு நிறைவடைந்து வீடு திரும்புவோரும் உண்டு.

ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால், சிறுவயதில் விழுந்து அடிபட்டு நரம்பு செயலிழந்திருக்கக் கூடும். அத்தகைய பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தேவையெனில் வேர் சிகிச்சை செய்து, பல்லின் உட்புறத்திலிருந்தே வெளுக்கச் செய்யலாம். உடனே கேப் போட வேண்டும் என்பதில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த வாசகர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. அப்பகுதிகளின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளூரைடு மிகுதி. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நன்று. வேறு நீர் கிடைக்காத நிலையில் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மிஞ்சிய நீரைத் தொடர்ந்து பருகும் குழந்தைக்கு, ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பற்களின் எனாமல் செம்மையாக அமைவதில்லை. அப்பற்கள் பின்னர் வெண்திட்டுகளோடோ, பழுப்புப் பட்டைகளோடோ முளைக்கின்றன. எட்டு வயதுக்குப் பிறகு அவ்வூரில் குடியேறியவருக்குப் பற்களில் இப்பாதிப்பு ஏற்படாது. ஆகவே இது தூய்மைக் குறைவால் வந்த கறை அன்று. எவ்வளவு துலக்கினாலும் போகாத ஒன்றுக்காகப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். நீரைக் கொதிக்க வைத்தாலும் ஃப்ளூரைடு நீங்குவதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2013-இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இக்குறையைத் தணிக்கவே வகுக்கப்பட்டது. சிறு குழந்தைகளுக்குப் பருகவும் சமைக்கவும் ஆழ்துளைக் கிணற்று நீரை விடுத்து அந்த நீரையே பயன்படுத்துங்கள்.

இத்தகைய பற்களுக்குக் கேப் போடுவது முதல் வழி அன்று. பழுப்பு நிறம் எனாமலின் மேலடுக்கில் மட்டும் இருந்தால், மென்மையான அமிலம் கலந்த பசையால் மிக நுண்ணிய அளவு தேய்த்து எடுத்தாலே பெரிதும் மறையும். வெண்திட்டுகளுக்கு, எனாமலின் நுண்துளைகளுக்குள் நீர்மமான பிசினைச் செலுத்தி நிறைக்கும் முறை உள்ளது. இவ்விரண்டுக்கும் ஊசி தேவைப்படுவதில்லை. எனாமல் குழிவிழுந்து சிதைந்துள்ள கடுமையான நிலையில்தான் மேலே மூடும் சிகிச்சைகளை எண்ண வேண்டும்.

பிளீச்சிங் எனப்படும் வெளுப்பூட்டல் எனாமலைத் தேய்த்து எடுப்பதன்று. பெராக்சைடு மருந்து பல்லுக்குள் ஊடுருவி நிறப்பொருள்களைச் சிதைக்கிறது. வாயின் அளவுக்கேற்பச் செய்த மெல்லிய தட்டில் 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு களிம்பை இட்டு இரவில் அணியும் முறை 1989 முதல் மருத்துவ இதழ்களில் விவரிக்கப்பட்டு வருகிறது. சுமார் இரண்டு வாரங்களில் பயன் தெரியும். மருத்துவமனையிலேயே செறிவு மிகுந்த மருந்தைப் பூசும் முறை விரைவானது. அதில் பற்கூச்சமும் சற்று அதிகம். கூச்சம் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கும். இதன் குறை வேறு இடத்தில் உள்ளது: வெளுப்பு நிலையானதன்று, ஓரிரு ஆண்டுகளில் மங்கத் தொடங்கும். ஏற்கெனவே போட்ட கேப்பும் அடைப்பும் நிறம் மாறா. சுற்றியுள்ள பற்கள் வெளுத்து அவை மட்டும் பழைய நிறத்தில் நிற்கும். எனவே முதலில் வெளுப்பூட்டி, இரண்டு வாரம் பொறுத்து, அந்த நிறத்துக்கு ஏற்ப மற்றவற்றைச் செய்ய வேண்டும். கருவுற்றிருப்போரும் பாலூட்டும் தாய்மாரும் இதைத் தள்ளிப்போடுவது நல்லது.

நுனி உடைந்த பல், இரு பற்களுக்கிடையே சிறு இடைவெளி, சற்றுச் சிறுத்த பல் ஆகியவற்றுக்குப் பல்நிறப் பிசினை ஒட்டி வடிவமைக்கும் காம்போசிட் முறை எங்களுக்கு மிகவும் பிடித்தமானது. பெரும்பாலும் பல்லைத் தேய்க்க வேண்டியதில்லை. ஒரே அமர்வில் முடியும். மனத்துக்கு ஒவ்வாவிட்டால் மாற்றவும் இயலும். காபியும் மஞ்சளும் அதில் காலப்போக்கில் ஏறும், ஓரம் உடையும், ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் புதுப்பிக்க வேண்டியிருக்கும். ஆயினும் புதுப்பிக்கும்போது அடியில் உங்கள் சொந்தப் பல் முழுமையாக இருக்கிறது.

வெனீர் என்பது பல்லின் முன்புறத்தில் ஒட்டப்படும் மெல்லிய பீங்கான் தகடு. நிறமும் பளபளப்பும் நெடுங்காலம் மாறா. நன்கு பேணினால் பத்தாண்டுகளைக் கடந்தும் நிலைக்கும். இதற்காகப் பொதுவாக 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை எனாமலைத் தேய்க்கிறோம். எனாமல் மீது ஒட்டும் வெனீரே உறுதியாக நிற்கும்; தேய்ப்பு டென்டின் வரை சென்றால் பிடிப்பு குறையும். நகம் கடிப்போர், உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்போர், முன்பல்லால் கரும்பு உரிப்போர் ஆகியோருக்கு இதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறோம்.

கேப் பல்லைச் சுற்றிலும் மூடுவது. அதற்கு இடம் வேண்டி நாற்புறமும் நுனியிலும் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை தேய்க்க நேர்கிறது. முன்பற்களில் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு பல் செலவாகிறது என்பதை எடையிட்டுக் கணக்கிட்ட ஆய்வொன்று 2002-இல் வெளியாயிற்று. வெனீர் வகைகளுக்கு ஈறுக்கு மேலுள்ள பல்லில் சுமார் 3 முதல் 30 விழுக்காடும், முழுக் கேப்புக்கு 63 முதல் 72 விழுக்காடும் நீக்கப்படுவதாக அது கண்டது. அதாவது பாதிக்கும் மேல். வேர் சிகிச்சை செய்த பல், பெரிதும் சொத்தையான பல், ஏற்கெனவே பெரிய அடைப்புள்ள பல் ஆகியவற்றைக் காக்கும் கவசமாகக் கேப் மிகச் சிறந்தது. அங்கே அதற்கு ஈடில்லை. நலமான பல்லுக்கு, வரிசை சற்றுப் பிறழ்ந்திருக்கிறது என்பதற்காக மட்டும், இவ்வளவு பெரிய விலை கொடுப்பதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை.

திருமணத்துக்கு இன்னும் ஒரு மாதமே உள்ளது, கிளிப் போட நேரமில்லை என்று மகளையோ மகனையோ அழைத்துவரும் பெற்றோரின் கவலை எங்களுக்குப் புரிகிறது. அவர்கள் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 24 வயதில் போடும் கேப் பதினைந்து ஆண்டுகள் உழைத்தாலும் ஆயுளில் மூன்று நான்கு முறை மாற்ற வேண்டிவரும்; மாற்றும்போதெல்லாம் மீதமுள்ள பல் மேலும் குறையும். தேய்த்த பற்களில் சிலவற்றுக்குப் பின்னாளில் நரம்பு செயலிழந்து வேர் சிகிச்சை தேவைப்படுவதும் உண்டு. கிளிப்போ, நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணியும் ஒளிபுகும் அலைனரோ, ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை காலம் கேட்கிறது. சிறு பிறழ்வானால் அதற்கும் குறைவு. பொதுவாக அவை பல்லைத் தேய்ப்பதில்லை. இடமில்லாத நிலையில் பக்கவாட்டில் மிகச் சிறிதளவு மெலிதாக்குவதோடு சரி. திருமணத்துக்குச் சுத்தம் செய்து, வெளுப்பூட்டி, தேவையான இடத்தில் காம்போசிட் வைத்துக்கொண்டு, அதன்பின் கிளிப்பைத் தொடங்கலாம். கிளிப் போட்டுக்கொள்ள வயது வரம்பும் இல்லை. ஈறும் எலும்பும் நலமாக இருந்தால் நாற்பதிலும் போடலாம். முடிந்தபின் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாதிருக்க ரிடெய்னர் அணிய வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

தேய்ப்பு தேவைப்படும் எச்சிகிச்சைக்கும் ஒப்புவதற்கு முன், மாதிரி ஒன்றைக் காட்டும்படி கேளுங்கள். பல்லைத் தொடாமலே அதன்மேல் தற்காலிகப் பிசினை வைத்து முடிவு எப்படித் தோன்றும் என்று காட்ட இயலும். அதை அணிந்து கண்ணாடியில் பார்த்தபின் மனம் மாறியவர்கள் உண்டு. சர்க்கரை நோய்க்கோ, இரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து உட்கொள்வோர் மருந்துச் சீட்டை உடன் கொண்டுவர வேண்டும். அழகுக்காக மட்டும் செய்யப்படும் பல் சிகிச்சையைப் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் ஏற்பதில்லை என்பதையும் முன்னரே அறிந்திருப்பது நல்லது.

ஏற்கெனவே கேப்போ வெனீரோ வைத்துக்கொண்டவர்கள் கலங்க வேண்டியதில்லை. சொத்தை தொடங்குவது அவற்றின் ஓரத்தில், ஈறை ஒட்டித்தான். அவ்விடத்தை மென்மையான தூரிகையால் இருவேளையும் துலக்கி, பற்களின் இடுக்குகளை நூலால் சுத்தம் செய்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிச் செல்லுங்கள். குளிர்நீர் பட்டபின் வலி விடாது நீடித்தாலோ, ஈறில் சிறு கொப்புளம் தோன்றினாலோ, கேப் அசைந்தாலோ, ஆறு மாதம் காத்திராமல் உடனே வந்து காட்டுங்கள்.