டிரிஃப்டிங்: கார் சறுக்கினால் விபத்து... சறுக்க வைத்தால் விளையாட்டா? முழு விளக்கம்!

டயரில் இருந்து வெள்ளைப் புகை கிளம்புது. கார் முன்னால் பார்த்துப் போகாமல், பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே வளைவைத் தாண்டுது. பின்னாலேயே இன்னொரு கார், கதவோடு கதவு ஒட்டுகிற தூரத்தில், அதே மாதிரி சறுக்கிக்கொண்டு வருது. ரீல்ஸில் இப்படி ஒரு வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பார்த்ததும் இரண்டு கேள்விகள் வரும். கார் கட்டுப்பாட்டை இழந்துவிட்டதா? இதெல்லாம் ஒரு விளையாட்டா?

முதல் கேள்விக்குப் பதில் 'இல்லை'. இரண்டாவது கேள்விக்குப் பதில் 'ஆமாம்'. இதன் பெயர் டிரிஃப்டிங். நடுவர்கள், மதிப்பெண், சாம்பியன்ஷிப் எல்லாம் உள்ள முறையான மோட்டார் விளையாட்டு. இது எப்படி நடக்கிறது, எங்கே பிறந்தது, நம்ம ஊர் ரோட்டில் இதை முயற்சி செய்தால் ஏன் விபத்தில் முடிகிறது? பார்ப்போம்.

டிரிஃப்டிங் என்றால் என்ன?

சின்ன வயசில் மணல் பரவிய தெருவில் சைக்கிளை வேகமாக ஓட்டி, பின் பிரேக்கை மட்டும் பிடித்து, பின் சக்கரத்தை அரைவட்டமாக இழுத்து நிறுத்தியிருக்கிறீர்களா? பின் சக்கரம் சறுக்கும், முன் சக்கரம் பிடித்து நிற்கும். டிரிஃப்டிங்கின் அடிப்படை கிட்டத்தட்ட அதுதான். ஒரே வித்தியாசம், சைக்கிள் அங்கேயே நின்றுவிடும். டிரிஃப்ட் கார் நிற்காது. சறுக்கலை விடாமல் ஒரு வளைவில் இருந்து அடுத்த வளைவுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

காரின் பின் சக்கரங்களைத் தெரிந்தே தரைப் பிடிமானத்தை இழக்க வைத்து, அந்தச் சறுக்கலை ஸ்டியரிங், ஆக்ஸிலரேட்டர், பிரேக் மூலம் தன் கட்டுக்குள் வைத்து வளைவைக் கடப்பதுதான் டிரிஃப்டிங்.

கார் ஏன் சறுக்குகிறது?

டயருக்குத் தரையைப் பிடிக்கும் சக்தி ஓரளவுக்குத்தான் உண்டு. காரை முன்னால் தள்ளவும், வளைவில் வெளியே போய்விடாமல் பிடித்து வைக்கவும் அதே சக்தியைத்தான் பங்கு போட வேண்டும். வளைவில் ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தால், பின் சக்கரங்கள் தேவைக்கு மேல் சுழலும். பக்கவாட்டில் பிடிக்க மிச்சம் எதுவும் இருக்காது. காரின் பின்பக்கம் வெளியே வீசப்படும்.

ஒன்றும் செய்யாவிட்டால் கார் பம்பரம் மாதிரி சுற்றிவிடும். அதைத் தடுக்க டிரைவர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்புகிறார். கார் இடது வளைவில் போகும், முன் சக்கரங்களோ வலது பக்கம் பார்க்கும். இதற்குப் பெயர் கவுண்டர் ஸ்டியரிங்.

இதில் இன்னொரு விஷயம், கார் எவ்வளவு சாய்கோணத்தில் போக வேண்டும் என்பதை டிரைவரின் வலது காலும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. கூடுதலாக மிதித்தால் கோணம் அதிகமாகும். கொஞ்சம் தளர்த்தினால் கோணம் குறையும். ஒரே வளைவில் பல தடவை இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சறுக்கலை எப்படித் தொடங்குகிறார்கள்?

ஹேண்ட் பிரேக்: வளைவுக்குள் நுழையும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களை ஒரு நொடி பூட்டிவிடுவது. போட்டிக் கார்களில் இதற்காகவே கைக்கு எட்டும் உயரத்தில் ஹைட்ராலிக் ஹேண்ட் பிரேக் வைத்திருப்பார்கள்.

கிளட்ச் கிக்: ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடியே கிளட்சைப் பட்டென்று மிதித்து விடுவது. இன்ஜினின் வேகம் ஒரே அடியாகப் பின் சக்கரங்களுக்குப் போகும். டயர் பிடியை விட்டுவிடும்.

எடை மாற்றம்: வளைவுக்கு முன்பு காரை முதலில் எதிர்ப்பக்கம் திருப்பி, உடனே வளைவின் பக்கம் வெட்டுவது. காரின் எடை ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் சாயும்போது பின்பக்கம் தானாக வெளியே போகும்.

பவர் ஓவர்: வேறு எதுவும் வேண்டாம், வளைவில் இன்ஜின் சக்தியாலேயே சக்கரத்தைச் சுழல விடுவது. இதற்கு இன்ஜினில் நல்ல சக்தி வேண்டும்.

எங்கே பிறந்தது இந்த விளையாட்டு?

ஜப்பானில். இதன் வேரைத் தேடினால் குனிமிட்சு தகாஹாஷி என்ற பெயர் வரும். இவர் முதலில் பைக் ரேஸர். 1961-ல் மேற்கு ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் ஹோண்டா பைக்கில் வென்று, உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ பந்தயத்தில் வெற்றி பெற்ற முதல் ஜப்பானியர் ஆனார். பிறகு கார் பந்தயத்துக்கு மாறினார்.

1970-களில் அவர் ஜப்பானியப் பந்தயங்களில் வளைவுக்குள் அதிக வேகத்தில் நுழைந்து, காரைச் சறுக்க விட்டு வெளியே வருவார். அந்தக் காலத்து டயர்களின் பிடிமானம் இன்றைய அளவுக்கு இல்லை. வேகத்தை இழக்காமல் வளைவைத் தாண்ட அவர் கண்ட வழி இது. அவருக்கு அது பந்தயத் தந்திரம். கூட்டத்துக்கோ அது தனிக் கொண்டாட்டம்.

அந்தக் கூட்டத்தை அசத்திய பாணியைத் தனதாக்கிக்கொண்டவர், நாகானோவைச் சேர்ந்த கெய்ச்சி சுசியா. மலைப்பாதைகளில் இரவு நேரங்களில் ஓட்டிப் பழகியவர். 1987-ல் அவர் மலைப்பாதையில் டொயோட்டா ஏஇ86 காரைச் சறுக்க விட்டு ஓட்டிய 'பிளஸ்பி' என்ற வீடியோ வெளியானது. ஜப்பான் இளைஞர்களிடம் அது தீயாகப் பரவியது. 'டிரிஃப்ட் கிங்' என்ற பட்டம் அவருக்கு ஒட்டிக்கொண்டது. பொதுச் சாலையில் ஓட்டியதற்காக அவருடைய பந்தய உரிமம் சிறிது காலம் நிறுத்தி வைக்கப்பட்டது. 'கிங்' ஆக இருந்தாலும் ரோடு ரோடுதான்!

ரசிகராகத் தொடங்கியவர், பிறகு தன் ஆதர்சத்தோடு ஒரே காரைப் பகிர்ந்து ஓட்டும் நாளும் வந்தது. 1995-ல் பிரான்ஸின் புகழ்பெற்ற லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் தகாஹாஷி, சுசியா, அகிரா ஈடா மூவரும் ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரில் தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்தார்கள்.

மலைப்பாதையில் இருந்து மைதானத்துக்கு

மலைப்பாதையில் எதிரே லாரி வரலாம், தடுப்புச் சுவரைத் தாண்டினால் பள்ளம். இந்தத் திறமையைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு வர வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. கார் பத்திரிகையான 'ஆப்ஷன்' இதழின் நிறுவனர் டைஜிரோ இனாடாவும் சுசியாவும் அதில் முன்னால் நின்றார்கள். 2000-ம் ஆண்டில் முதல் போட்டி நடந்தது. 2001 முதல் 'டி1 கிராண்ட் பிரீ' தொடராகவே நடக்கத் தொடங்கியது. ஃபுகுஷிமா மாகாணத்தில் உள்ள எபிசு சர்க்யூட் டிரிஃப்ட் ரசிகர்களின் திருத்தலம் மாதிரி ஆனது.

2003-ல் டி1 அமெரிக்காவின் கலிஃபோர்னியாவுக்குப் போனது. அடுத்த ஆண்டே, 2004-ல், அங்கே 'ஃபார்முலா டிரிஃப்ட்' என்ற தனிச் சாம்பியன்ஷிப் தொடங்கியது. 2017-ல் சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏ, டோக்கியோவில் சர்வதேச டிரிஃப்டிங் கோப்பையை நடத்தியது. மலையில் போலீஸுக்குப் பயந்து ஓட்டிய வித்தைக்கு, ஃபார்முலா 1 பந்தயத்தை நிர்வகிக்கும் அமைப்பே அங்கீகாரம் கொடுத்துவிட்டது.

இடையில் 'இனிஷியல் டி' என்ற ஜப்பானிய காமிக்ஸ், 2006-ல் வந்த 'டோக்கியோ டிரிஃப்ட்' ஹாலிவுட் படம் இரண்டும் இதை உலகம் முழுக்கக் கொண்டு போய்ச் சேர்த்தன. அந்தப் படத்தில் மீன்பிடிப்பவராக ஒரு காட்சியில் வந்து போவார் ஒருவர். அவர் வேறு யாருமில்லை, சுசியாவேதான்!

முதலில் வருபவருக்கு வெற்றி இல்லையா?

இல்லை. அஜித் குமார் பங்கேற்ற துபாய் 24 மணி நேரப் பந்தயம் போன்றவற்றில் கணக்கு எளிது. யார் அதிக தூரம், யார் முதலில் என்பதுதான் அங்கே கேள்வி. டிரிஃப்டிங் அப்படி இல்லை. ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி, எப்படிச் செய்தார் என்பதற்குத்தான் மதிப்பெண்.

நடுவர்கள் முக்கியமாகப் பார்ப்பவை மூன்று. குறித்துக் கொடுத்த பாதையில் கார் போனதா? எவ்வளவு கோணத்தில் சாய்ந்து போனது? எவ்வளவு துணிச்சலாகவும் தடுமாற்றம் இல்லாமலும் போனது? வளைவின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் சில இடங்களைக் குறித்து வைத்திருப்பார்கள். உள்பக்கக் குறியை முன் பம்பர் உரசுகிற மாதிரி போக வேண்டும். வெளிப்பக்கப் பகுதியைப் பின் சக்கரம் தொட வேண்டும். ஜப்பானின் டி1 போட்டியில் காரில் சென்சார் பொருத்தி, வேகத்தையும் கோணத்தையும் கருவி மூலமாகவே அளக்கிறார்கள்.

தகுதிச் சுற்றில் ஒவ்வொருவராக ஓட்டுவார்கள். அதில் தேறியவர்களுக்கு இருவர் இருவராக மோதும் 'டேண்டம்' சுற்று. முன்னால் போகிறவர் தவறில்லாமல் ஓட்ட வேண்டும். பின்னால் வருபவர் அவருடைய கோணத்தை அப்படியே பிடித்து, முடிந்தவரை நெருங்கி வர வேண்டும். அடுத்த ஓட்டத்தில் இடம் மாறும். இரண்டையும் பார்த்து வெற்றியாளரை அறிவிப்பார்கள். முடிவு சொல்ல முடியாத அளவுக்குச் சமமாக இருந்தால், மறுபடியும் ஓட்டச் சொல்வார்கள்.

சாதாரண கார் போதுமா?

போதாது. டிரிஃப்டுக்கு இன்ஜின் சக்தி பின் சக்கரங்களுக்குப் போக வேண்டும். நிசான் சில்வியா, டொயோட்டா ஏஇ86 போன்றவை பிரபலமானதற்குக் காரணம் இதுதான். இரண்டுமே பின் சக்கர இயக்கம், எடையும் குறைவு.

நம் தெருவில் நிற்கும் ஸ்விஃப்ட், ஐ20, பலேனோ எல்லாமே முன் சக்கர இயக்கம். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பின்பக்கம் வெளியே வராது. முன் சக்கரம் பிடியை விட்டு, கார் வளையாமல் நேராகப் போகும். ஹேண்ட் பிரேக் போட்டால் பின்பக்கம் கொஞ்சம் இழுக்கும், ஆனால் அது தொடராது. அது டிரிஃப்ட் இல்லை, வெறும் சறுக்கல்.

போட்டிக் காரில் ஸ்டியரிங் வழக்கத்தைவிட அதிகம் திரும்பும்படி மாற்றியிருப்பார்கள். இரண்டு பின் சக்கரங்களும் சேர்ந்தே சுழலும் டிஃபரன்ஷியல் இருக்கும். கார் கவிழ்ந்தாலும் நசுங்காமல் காக்க உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு, பந்தய பெல்ட், ஹெல்மெட் எல்லாம் கட்டாயம்.

மலைக்க வைக்கும் இரண்டு சாதனைகள்

2016-ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைரா விமான நிலைய ஓடுபாதையில், ஜப்பானின் மசாடோ கவாபாடா நிசான் ஜிடி-ஆர் காரை மணிக்கு 304.96 கிலோமீட்டர் வேகத்தில் டிரிஃப்ட் செய்தார். 2017 டிசம்பரில் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஒரு பிஎம்டபிள்யூ எம்5 கார், ஈரமான வட்டத் தளத்தில் 8 மணி நேரம் விடாமல் சறுக்கி 374 கிலோமீட்டரைக் கடந்தது. பெட்ரோல் தீர்ந்தால்? பக்கத்தில் சறுக்கிக்கொண்டே வந்த இன்னொரு காரில் இருந்து, ஓடும்போதே நிரப்பினார்கள்!

ரோட்டில் செய்தால் என்ன ஆகும்?

வீடியோவைப் பார்த்துவிட்டு இரவில் காலியான சாலையில் முயற்சி செய்யும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் உண்டு.

கார் சறுக்கத் தொடங்கியதும் பயம் வரும். பயந்ததும் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடும், அல்லது பிரேக்கை அழுத்தும். ஆபத்து அங்கேதான். வேகம் குறைந்ததும் பின் டயர் திடீரென்று தரையைப் பிடித்துவிடும். முன் சக்கரங்களோ இன்னும் எதிர்ப்பக்கம் திரும்பியே இருக்கும். அடுத்த நொடியில் கார் எதிர்த் திசையில் வீசப்படும். அந்தப் பக்கம் பிளாட்பாரத்தில் ஒருவர் நின்றால்? டீக்கடை இருந்தால்?

பயிற்சி மைதானத்தில் இதே தவறு நடந்தால் கார் சுற்றி நிற்கும், சிரித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். ரோட்டில் மறுபடி தொடங்க வாய்ப்பு கிடைக்காது.

சட்டமும் விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவின்படி, ஆபத்தான முறையில் ஓட்டினால் முதல் தடவையே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அனுமதியில்லாமல் பொது இடத்தில் பந்தயம் ஓட்டினால் 189-வது பிரிவில் 3 மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். 18 வயது நிரம்பாதவர் குற்றம் செய்தால், 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் விதிக்கலாம். அப்பாவிடம் சாவியைக் கேட்கும் தம்பிகள் இதை அப்பாவிடமும் காட்டுங்கள்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கும் ஒரு தகவல். சவுதி அரேபியாவில் சாலையில் டிரிஃப்ட் செய்து முதல் தடவை பிடிபட்டாலே 20,000 ரியால் அபராதம், 15 நாள் வாகனப் பறிமுதல். மறுபடி சிக்கினால் அபராதம் 40,000, அதற்கு மேல் 60,000 ரியால்.

அப்படியென்றால் ஆசைப்படவே கூடாதா?

தாராளமாக ஆசைப்படலாம். கம்ப்யூட்டரில் ஸ்டியரிங் செட் வைத்து ஓட்டும் சிமுலேட்டரில் கவுண்டர் ஸ்டியரிங் பழகலாம். சர்க்யூட்டில் பயிற்சி தருபவர்களிடம், ஈரமான தளத்தில் குறைந்த வேகத்தில் கற்றுக்கொள்ளலாம். தளம் ஈரமாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே கார் சறுக்கும், டயரும் அதிகம் தேயாது.

அப்படி முறையாகக் கற்றவருக்கு இன்னொரு லாபமும் உண்டு. மழை நாளில் கார் திடீரென்று சறுக்கினால் பதறாமல் எந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புவது, காலை எப்படி மெதுவாக எடுப்பது என்று அவருக்குத் தெரியும். காரைச் சறுக்க வைக்கக் கற்றவருக்கு, சறுக்கும் காரைக் காப்பாற்றவும் தெரிந்திருக்கும். மலைப்பாதையில் தொடங்கிய சுசியா, இந்த வித்தையை மைதானத்துக்குள் கொண்டு போகத்தான் பாடுபட்டார். அதை நாம் மறுபடி ரோட்டுக்கு இழுத்து வர வேண்டாமே!