குரல் கம்மினால் யூரிக் அமிலமும் காரணமாகலாம்

கால் பெருவிரல் மூட்டு ராத்திரியோடு ராத்திரியாகச் சிவந்து வீங்கும் கவுட் நோய் தெரிந்ததுதான். அதற்குக் காரணமான அதே யூரிக் அமிலப் படிகம், மிக அரிதாகக் குரல்வளை மூட்டிலும் குரல்நாணிலும் படியும். குரல் கம்மும், எச்சில் விழுங்கவே வலிக்கும். பார்வைக்குப் புற்றுக்கட்டி போலவே தெரிவதால், துளி சதையெடுத்துச் சோதிப்பார்கள். யூரிக் அமிலத்தைக் குறைக்க அலோபியூரினால் மாத்திரை உண்டு. வலியைத் தணிக்கும் கால்ச்சிசின் மருந்தோ, நம் வேதாரண்யம் பக்கம் பூக்கும் செங்காந்தளில் இருக்கிறது. அதற்காக அச்செடியின் கிழங்கான கண்வலிக்கிழங்கை அரைத்துக் குடித்துவிடாதீர்கள், உயிரைக் குடிக்கும் விஷம் அது!

கவுட் உள்ளவருக்கு மூன்று வாரமாகியும் குரல் தெளியவில்லையா? தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.