உங்களுக்குத் தெரியுமா?

சூரிய மின்சாரம் புகை கக்காது. ஆனால், ராஜஸ்தானின் தார் பாலைவனத்திலிருந்து அதை ஊருக்குக் கொண்டுவரும் உயரழுத்தக் கம்பிகள் கானமயிலைக் கொல்கின்றன. ஆண் பறவை 15 கிலோ வரை எடையுள்ளது. கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. கம்பி கண்ணில் படும்போது, அவ்வளவு கனத்த உடலைச் சட்டென்று திருப்பவும் முடியாது. பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரே முட்டை இடும் இனம் இது. ஒவ்வொரு சாவும் பேரிழப்பு. எஞ்சியிருப்பவை சுமார் 150தான்!

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை இது. அந்தச் சட்டத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்காற்றிய எம்.கே.ரஞ்சித்சிங்கே, பல்லாண்டுகளுக்குப் பிறகு இதற்காக உச்ச நீதிமன்றம் போனார். 2021 ஏப்ரலில், கானமயில் வாழும் பகுதிகளில் கம்பிகளை இயன்றவரை நிலத்தடியில் புதைக்க உத்தரவு வந்தது. உயரழுத்தக் கம்பிகளைப் புதைப்பது கடினம், செலவும் மிக அதிகம் என்று மத்திய அரசு முறையிட்டது. 2024 மார்ச்சில், சுமார் 99,000 சதுர கிலோமீட்டரில் மேல்நிலைக் கம்பிகளுக்கு அந்த உத்தரவு விதித்த பொதுத் தடையைத் தளர்த்திய நீதிமன்றம், நிபுணர் குழுவை அமைத்தது. பருவநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து பாதுகாப்புப் பெறுவதும் குடிமக்களின் உரிமை என்று அறிவித்ததும் இதே தீர்ப்புதான்.

கம்பிகளில் ‘பறவை திருப்பி’ எனும் சுழலும் தகடுகளையும் மாட்டுகிறார்கள். பறவைகள் மோதுவது குறையும், முற்றிலும் நிற்காது.