மதுவின் வரம்பு

பிரிக்பீல்ட்ஸில் விருந்து முடித்து நள்ளிரவில் கிள்ளானுக்கு வண்டியோட்டித் திரும்பும் ஒருவர், சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் நீட்டும் சிறு குழலில் ஊதும்போது, 100 மில்லிலிட்டர் சுவாசத்தில் 22 மைக்ரோகிராமுக்கு மேல் மது தென்பட்டால் குற்றவாளியாகிறார். 2020 அக்டோபர் 23 அன்று மலேசியச் சாலைப் போக்குவரத்துத் திருத்தச் சட்டம் அமலாகும் முன்னர் அவ்வரம்பு 35. இரத்தத்திலோ 80 மில்லிகிராமாக இருந்தது 50 ஆயிற்று. மரணம் விளைவித்தால், முதல் குற்றத்துக்கே 10 முதல் 15 ஆண்டுச் சிறைவாசம்.

இதுவே போதும் என்போர் உண்டு. ஆனால் தண்டனை, பிரேதத்தின்மேல் துணி போர்த்திய பிறகு வருவது. 'இரண்டு கிளாஸ்தானே, நிதானமாகத்தானே இருக்கிறேன்' என்று சட்டைப்பையில் சாவியைத் துழாவும் விரல்களை அப்போதே தடுக்க வல்லது தாழ்ந்த வரம்பும் ஓயாத சோதனையுமே ஆதலால், ஸ்வீடனைப் போல் 20 மில்லிகிராமாகக் குறைப்பதே நியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம்.