பரிசு வாங்கிய விவசாயியின் நஷ்டக் கணக்கு

அல்சூர் (பெங்களூரு): அதிக விளைச்சல் எடுத்ததற்காகப் பாராட்டப்பட்ட விவசாயி ஒருவர், அதே ஆண்டுகளில் தாம் நஷ்டத்தில்தான் இருந்ததாகக் கூட்டங்களில் வெளிப்படையாகச் சொல்லி வந்தார். பெங்களூரின் கிழக்குப் புறத்தில் உள்ள வர்த்தூர்ப் பகுதியைச் சேர்ந்த எல். நாராயண ரெட்டிதான் அவர். 2019 ஜனவரியில் அவர் காலமானார். விளைச்சல் வேறு, வருமானம் வேறு என்று அவர் எடுத்துக்காட்டிய கணக்கு, அல்சூரில் அன்றாடம் விற்கப்படும் காய்கறியின் விலையில் இன்றும் மாறாமல் இருக்கிறது.

ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை, சற்றுத் தொலைவில் தமிழ்ச் சங்கம், சோமேஸ்வரர் கோயில், அதைச் சுற்றிய நெருக்கமான தெருக்கள். தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வரும் பகுதி அல்சூர். 18 ஆண்டுகள் மூடியே வைக்கப்பட்டிருந்த அந்தச் சிலை 2009 ஆகஸ்ட் 9-ல் திறக்கப்பட்டதை அரசியல் அறிந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். கன்னடத்தில் 'ஹலசு' என்றால் பலா. பலாத் தோப்புகளால் அமைந்த பெயர் என்பது வழக்கு. 1809-ல் ஆங்கிலேயர் ராணுவக் குடியிருப்பை இங்கு அமைத்த பிறகு தோப்புகள் தெருக்களாயின. உழவுக்குத் தனி அதிகாரமே வகுத்த புலவரின் சிலை நிற்கும் ஊரில் இன்று உழவு இல்லை. தக்காளியும் பீன்ஸும் கோலார், சிக்கபள்ளாபூர் மாவட்டங்களிலிருந்து லாரிகளில் வந்து இறங்குகின்றன.

இந்த உறவு ஒருவழிப் பாதையன்று. அல்சூர் ஏரியைத் தொட்டுச் செல்லும் கால்வாய், கிழக்கே பெள்ளந்தூர் ஏரியை நோக்கிப் போகிறது. அந்தப் பள்ளத்தாக்கில் சேரும் நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்து, கோலார் மாவட்ட ஏரிகளுக்குக் குழாய் மூலம் ஏற்றும் 'கே.சி. வேலி' திட்டம் 2018 ஜூனில் தொடங்கியது. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்பது அதன் இலக்கு. வற்றாத ஆறு எதுவும் இல்லாத மாவட்டம் கோலார். ஆழ்குழாய் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டிப் போன பூமி. தொடங்கிய சில வாரங்களிலேயே ஏரியில் நுரை கிளம்பியது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. 2019-ல் விதிக்கப்பட்ட தடை பின்னர் நீங்கியது. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு போதாது, மூன்றாம் நிலையும் வேண்டும் என்ற கோரிக்கை ஓயவில்லை. எனினும் நிலத்தடி நீர் உயர்ந்தது. அல்சூர் குளித்துவிட்டு விட்ட நீரில் விளைந்த தக்காளி அல்சூருக்கே திரும்பி வருகிறது என்றால் அதில் பெரிய மிகை இல்லை.

நீர் வந்துவிட்டது, லாபம் வந்ததா என்பதுதான் கேள்வி.

ஒரு பெட்டியின் கணக்கு

கோலார் வேளாண் விளைபொருள் சந்தையில் தக்காளி 15 கிலோ பெட்டியாக ஏலம் போகிறது. வீரிய ஒட்டு ரக நாற்று, சொட்டுநீர்க் குழாய், நிலத்தில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், செடியைத் தாங்கும் கம்பும் கயிறும், உரம், வாரம் தவறாமல் மருந்து, கூலி. இப்படி அறுவடைக்கு முன்பே ஏக்கருக்கு இரண்டு லட்சம் ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,500 பெட்டி விளைகிறது. பறிப்புக் கூலி, வண்டி வாடகை, மண்டிச் செலவு சேர்ந்து பெட்டிக்கு 45 ரூபாய் என்றும் கொள்வோம். அப்படியானால் பெட்டி 178 ரூபாய்க்கு மேல் போனால்தான் முதல் திரும்பும்.

இனி அல்சூர் கடைக்கு வருவோம். வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு விலை பற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, தக்காளிக்கு நுகர்வோர் தரும் ஒரு ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 காசு. வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. கடையில் கிலோ 30 ரூபாய் என்றால் இல்லத்தரசி முகம் சுளிக்க மாட்டார். நியாயமான விலைதான் என்பார். அந்த 30 ரூபாயில் விவசாயியின் பங்கு ஏறத்தாழ 10 ரூபாய், அதாவது பெட்டிக்கு 150. மேலே போட்ட கணக்கின்படி ஏக்கருக்கு 42,500 ரூபாய் நஷ்டம். வாங்குபவருக்கு நியாயமாகத் தெரியும் விலையிலேயே விற்பவர் முதலை இழக்கிறார். பெட்டி நூறு ரூபாய்க்கு இறங்கும்போது நஷ்டம் லட்சத்தைத் தாண்டிவிடும். தக்காளியைப் பறிக்காமல் செடியிலேயே விட்டுவிடும் செய்திகளும், சாலையில் கொட்டும் படங்களும் வருவது அப்போதுதான். பறித்தால் கூலி கொடுக்க வேண்டுமே!

எதிர்ப்பக்கமும் உண்டு. 2023 ஜூலையில் இதே கோலாரில் பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியது. தக்காளி விற்று லட்சாதிபதியானவர்களின் கதைகள் நாடெங்கும் பரவின. ஆனால் விலை ஏறியதே நோயாலும் பருவக் கோளாறாலும் பயிர் அழிந்ததால்தான் என்பது அக்கதைகளில் கடைசி வரியாகக்கூட இடம்பெறவில்லை. விலை இருந்த நாளில் பெரும்பாலோரிடம் காய் இல்லை. அந்த விலையை நம்பி அடுத்த பருவத்தில் பலரும் நடவு செய்தால் மீண்டும் சரிவு. வாங்குவது சில்லறை விலையில், விற்பது மொத்த விலையில், வண்டி வாடகை இரு வழிக்கும் தன் கையிலிருந்து என்று அமெரிக்க விவசாயியின் நிலையை 1960 தேர்தல் பிரசாரத்தில் ஜான் கென்னடி விவரித்தார். கோலார் விவசாயிக்கு அதில் திருத்த ஒன்றுமில்லை.

இடைத்தரகரை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிடுவதும் எளிது. பெங்களூரு தெருக்களில் காணப்படும் 'ஹாப்காம்ஸ்' கடைகள் அதற்கான மாற்றாகப் பிறந்தவைதான். தோட்டக்கலைத் துறையின் எம்.எச். மரிகவுடாவின் முயற்சியால் 1959-ல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமாகத் தொடங்கி, பின்னர் எல்லாக் காய்கனிகளுக்கும் விரிந்தது அது. விவசாயியிடம் நேரடிக் கொள்முதல், எடை மோசடி இல்லை, விலை அன்றன்றே அறிவிப்பு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெங்களூரு தின்று தீர்க்கும் காய்கறியில் அதன் பங்கு சிறிது. மீதி எல்லாம் மண்டி வழியேதான்.

ரெட்டி சொன்னது

நாராயண ரெட்டி பேசியது விற்பனை விலையைப் பற்றி மட்டும் அன்று. செலவைப் பற்றியே அதிகம். இளமையில் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்து, பின்னர் விவசாயத்துக்குத் திரும்பியவர் அவர். பசுமைப் புரட்சி பரவிக்கொண்டிருந்த காலம் அது. வீரிய விதை, ரசாயன உரம், பூச்சிமருந்து என வேளாண் துறை சொன்னவற்றை எல்லாம் செய்தார். விளைச்சல் பெருகியது, சிறந்த விவசாயி என்ற பாராட்டும் வந்தது. கணக்கு நோட்டில் மட்டும் மிச்சம் நிற்கவில்லை. பாராட்டியவர்கள் எத்தனை மூட்டை என்று கேட்டார்களே தவிர, என்ன செலவு என்று கேட்கவில்லை.

ஜப்பானிய விவசாயி மசனோபு ஃபுகுவோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' 1978-ல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அந்நூலைப் படித்த பிறகு ரெட்டி படிப்படியாக வழி மாறினார். வெளியிலிருந்து எதை வாங்கினாலும் அது செலவு. நிலத்திலேயே உண்டாக்கிக்கொள்வது வரவு என்பது அவருடைய பொருளாதாரம். மாடு, மரம், பலபயிர், மண்ணில் மட்கும் தழை. குடும்பத்துக்கு வேண்டிய தானியமும் காயும் முதலில், மிஞ்சியது சந்தைக்கு. பிற்காலத்தில் தொட்டபள்ளாபூர் அருகே மரளேனஹள்ளியில் சில ஏக்கரில் இதைச் செய்து காட்டினார். பார்த்துச் சென்றவர்களில் தமிழ்நாட்டு விவசாயிகளும் உண்டு.

இது எல்லோருக்கும் பொருந்துமா? பொருந்தும் என்று சொல்வது நேர்மையாகாது. குத்தகை நிலத்தில் பயிரிடுபவர் ஐந்தாண்டு கழித்துப் பலன் தரும் மரத்தை நடமாட்டார். நிலம் அதற்குள் வேறு கைக்குப் போய்விடும். மண் தேறும் வரை கடன்காரர் காத்திருப்பதில்லை. ஒரே உத்தரவில் மாற்ற முயன்றால் என்ன ஆகும் என்பதை இலங்கை காட்டியது. 2021-ல் அதிபர் கோத்தபய ராஜபக்ச ரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தார். நெல்லும் தேயிலையும் சரிந்தன. அதே ஆண்டு நவம்பரில் அரசு பின்வாங்கியது. யாழ்ப்பாணத்து வெங்காய விவசாயியும் மலையகத் தோட்டத் தொழிலாளியும் அந்த முடிவின் சுமையில் பங்கு சுமந்தார்கள். ரெட்டி ஆண்டுக்கணக்கில் செய்த மாற்றத்தை ஒரு நாட்டின் மீது ஒரே பருவத்தில் ஏற்ற முடியாது.

ஆனால் அவர் எழுப்பிய கேள்வி தள்ளிவிடக்கூடியதன்று. 45 கிலோ யூரியா மூட்டை வரிகள் நீங்கலாக 242 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்த விலையைத் தாங்கிப் பிடிக்க மத்திய அரசு 2022-23-ல் உர மானியமாகச் செலவிட்டது சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய். கர்நாடகத்தில் 10 குதிரைத்திறன் வரை பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம்; தமிழகத்திலும் விவசாய மின்சாரம் இலவசம். இத்தனை உதவிக்கும் பிறகு விவசாயி கையில் நிற்பது என்ன? தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 2018-19-ல் எடுத்த கணக்கின்படி ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிர் தந்தது 3,798 மட்டுமே. கூலியும் சம்பளமும் தந்தது 4,063. நாட்டின் சராசரி விவசாயி, வருமானக் கணக்கில், விவசாயியைவிடச் சற்றே அதிகமாகக் கூலியாள். குடும்பங்களில் பாதி கடனில் இருந்தன. சராசரிக் கடன் 74,121 ரூபாய்.

தில்லி விழிக்கும் நேரம்

விலை ஏறும்போது தில்லி விரைவாக விழித்துக்கொள்கிறது. 2023 ஜூலை 14 முதல் மத்திய அரசு தலைநகரில் தக்காளியைக் கிலோ 90 ரூபாய்க்கு விற்றது. பின்னர் விலையை மேலும் குறைத்தது. நேபாளத்திலிருந்து இறக்குமதியும் நடந்தது. ஆகஸ்டில் வெங்காயத்தின் மீது 40 சதவீத ஏற்றுமதி வரி, டிசம்பரில் ஏற்றுமதிக்கே தடை.

ஆகஸ்டு வரியில் சிக்கியது பெங்களூர் ரோஸ் வெங்காயம். கோலார், சிக்கபள்ளாபூர் விவசாயிகள் விளைவிக்கும் இந்தச் சிறிய, செந்நிற வெங்காயம் பெரும்பாலும் உள்நாட்டில் உண்ணப்படுவதே இல்லை. மலேசியா, சிங்கப்பூர், இலங்கைக்குப் போவதற்காகவே பயிரிடப்படுவது அது. அங்குள்ள தமிழர் சமையலறைகளுக்கு நன்கு அறிமுகமானது. தில்லிவாசி தொடாத வெங்காயத்துக்கு, தில்லி விலையைக் குறைப்பதற்காக வரி! சுமார் ஆறு வாரம் கழித்து, செப்டம்பர் இறுதியில் அதற்கு விலக்கு தரப்பட்டது. அறுவடை ஆறு வாரம் காத்திருக்குமா என்று கேட்கும் பழக்கம் அமைச்சகங்களுக்கு இல்லை.

விலை விழும்போது நிலைமை வேறு. குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கப்படும் 22 பயிர்களில் காய்கறி ஒன்றுகூட இல்லை. கேழ்வரகு இருக்கிறது. 2025-26 பருவத்துக்கு அதற்குக் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது. சாகுபடிச் செலவு 3,257. அதற்கு மேல் 50 சதவீதம். எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006-ல் பரிந்துரைத்ததும் 50 சதவீதம்தான். சர்ச்சை எந்தச் செலவின் மேல் என்பதில். கைக்காசும் குடும்பத்தார் உழைப்பும் மட்டும் அரசின் கணக்கில் வருகின்றன. சொந்த நிலத்தின் வாடகையும் போட்ட முதலின் வட்டியும் வருவதில்லை. கடைக்காரர் தன் கட்டடத்துக்கு வாடகையைக் கணக்கில் எழுதுவார். விவசாயி எழுதக்கூடாதா என்பதே சங்கங்களின் வாதம். 2020-21-ல் தில்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் நடந்த போராட்டம் மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறவைத்தது. ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் என்ற கோரிக்கையில் வெற்றி கிடைக்கவில்லை. வேளாண்மைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அதை ஆதரித்து 2024 டிசம்பரில் பரிந்துரை அளித்தது.

பட்டியலில் இல்லாத பயிர்களுக்கு இருப்பது சந்தைத் தலையீட்டுத் திட்டம். 2025 ஜூனில் கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்து மாம்பழ விவசாயிகளுக்கு அது நேரடியாகத் தேவைப்பட்டது. தோத்தாபுரி மாம்பழம் விலை சரிந்து கிடந்தது. பழக்கூழ் ஆலைகள் நிறைந்த ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம், கர்நாடகத் தோத்தாபுரிக்கு எல்லையை மூடியது. முதல்வர் சித்தராமையா சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். இறுதியில் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று விலை வைத்து, சந்தை விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதியாக ஏற்பது என முடிவானது. இரண்டரை லட்சம் டன் வரைதான் இந்த உதவி. திட்ட விதிப்படி உற்பத்தியில் கால் பங்குக்கு மேல் போக முடியாது. மீதி முக்கால் பங்குப் பழம், அன்று மண்டியில் என்ன விலை கேட்டார்களோ அந்த விலைக்கே போயிற்று.