நீலத் துணியில் விழும் எமன்

ஆப்பிரிக்காவில் தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈ தோல்வியின் விளிம்பில் நிற்கிறது. ஆனால் இதற்கு முன்பும் ஒரு முறை அப்படித்தான் தோன்றியது.

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டின் கடலோரம். போஃபா பகுதியின் அலையாத்திக் காடுகளில், நீரோடைக் கரை நெடுகச் சின்னச் சின்னத் துணித் துண்டுகள் நடப்பட்டிருக்கும். அரை மீட்டர் நீளம், கால் மீட்டர் அகலம். பாதி நீலத் துணி, பாதி கறுப்பு வலை. இரண்டிலும் பூச்சிக்கொல்லி. நீல நிறத்தைக் கண்டால் செட்சி ஈக்கு அடக்க முடியாத ஈர்ப்பு. பறந்து வந்து மோதினால் கதை முடிந்தது.

2014-ல் கினியை எபோலா தாக்கியபோது இந்தத் துணிகளுக்குச் சோதனை வந்தது. ஊர் ஊராகப் போய் ரத்தப் பரிசோதனை செய்துவந்த மருத்துவக் குழுக்களின் வேலை நின்றுபோனது. நோயாளிகளைக் கண்டுபிடிக்க ஆளில்லை. துணி வைக்காத பகுதியில் தூக்க நோய் மீண்டும் தலைதூக்கியது. துணி வைத்திருந்த பகுதியில் தலைதூக்கவில்லை. மருத்துவர்கள் வர முடியாத நாட்களில் காவல் காத்தது கந்தல் போன்ற அந்தத் துணிதான்.

விசித்திரப் பிராணி

சகாராவுக்குத் தெற்கே 30-க்கும் மேற்பட்ட நாடுகளில் மட்டுமே செட்சி ஈ வாழ்கிறது. நம் வீட்டு ஈயைவிடச் சற்றுப் பெரியது. உட்காரும்போது இறக்கைகளைக் கத்தரிக்கோல் போல ஒன்றன் மேல் ஒன்றாக மடித்துக்கொள்ளும். கொசுவில் பெண் மட்டுமே கடிக்கும். செட்சியில் ஆணும் கடிக்கும், பெண்ணும் கடிக்கும். ரத்தத்தைத் தவிர வேறு ஆகாரம் கிடையாது.

பிள்ளை பெறுவதில்தான் இதன் பெரிய விசித்திரம். கொசு நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுத் தள்ளும். செட்சி முட்டையிடுவதே இல்லை. ஒரே ஒரு முட்டை வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, தாயிடம் சுரக்கும் பால் போன்ற திரவத்தைக் குடித்து வளர்கிறது. ஒன்பது, பத்து நாட்களுக்கு ஒரு முறை முழுதாக வளர்ந்த ஒரு புழு வெளியே வருகிறது. உடனே மண்ணுக்குள் புதைந்து கூட்டுப்புழுவாகிறது. ஈயாக வெளிவர இன்னும் ஒரு மாதம் ஆகும். ஆயுள் முழுக்க ஒரு பெண் ஈ பத்துக் குட்டிகள் பெற்றால் அதிகம்.

இதுதான் அதன் பலவீனம். பெண் ஈக்களில் தினமும் நூற்றுக்கு நான்கைத் தொடர்ந்து கொன்றுவந்தால் போதும், இனமே சரிந்துவிடும். கொசு விஷயத்தில் நினைத்தும் பார்க்க முடியாத கணக்கு இது.

இந்த ஈ கொண்டுவருவது டிரிபனோசோம் என்ற ஒட்டுண்ணி. ரத்தத்தில் நுழைந்ததும் தன் மேலுறையை மாற்றிக்கொண்டே இருக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஓர் உறையை அடையாளம் கண்டு தாக்குவதற்குள் வேறு உறையோடு நிற்கும். தடுப்பூசி இல்லாததற்கு முக்கியக் காரணம் இதுவே. காய்ச்சல், தலைவலி, மூட்டுவலி என்று ஆரம்பித்து, கடைசியில் மூளைக்குள் புகுகிறது. பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, புத்தித் தடுமாற்றம். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் மரணம். மாடுகளுக்கு இதே இனக் கிருமிகளால் வருவது நகானா. அந்த நோய்க்கும் செட்சிக்கும் உள்ள தொடர்பை 1890-களில் தென்னாப்பிரிக்காவின் ஜூலுலாந்தில் கண்டறிந்தவர் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ்.

துப்பாக்கியிலிருந்து துணிக்கு

காலனி ஆட்சியாளர்கள் முதலில் கையில் எடுத்தது துப்பாக்கி. ஈக்கு ரத்தம் தரும் காட்டு விலங்குகளை லட்சக்கணக்கில் சுட்டார்கள். புதர்க் காடுகளை வெட்டினார்கள். பிறகு டி.டி.டி. தெளித்தார்கள். இதற்கிடையே போர்ச்சுகீசிய வசத்திலிருந்த பிரின்சிபி தீவில் ஒரு புது யோசனை: தோட்டத் தொழிலாளர்களின் முதுகில் பசை தடவிய கறுப்புத் துணியைக் கட்டி வேலைக்கு அனுப்பினார்கள். ரத்தம் குடிக்க வந்த ஈ ஒட்டிக்கொண்டது. இன்றைய நீலத் துணிக்கு அதுதான் முப்பாட்டன். ஆனால் அன்று பொறியாக நின்றது மனித முதுகு.

சான்சிபாரின் உங்குஜா தீவில் கையாண்டது இன்னும் நூதனம். பெண் செட்சி பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு முறைதான் இணைசேரும். அந்த ஒரு முறை மலட்டு ஆணோடு அமைந்துவிட்டால்? முதலில் மாடுகள் மீது பூச்சிமருந்து பூசி ஈக்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். பிறகு தான்சானியாவின் தாங்கா நகரில் ஆண் ஈக்களை வளர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கி, 1994 முதல் விமானத்திலிருந்து தூவினார்கள். மொத்தம் 80 லட்சத்துக்கும் மேல். 1996 செப்டம்பருக்குப் பிறகு அங்கே காட்டு செட்சி ஒன்றுகூடச் சிக்கவில்லை.

உங்குஜா தீவு என்பதால் சுற்றிலும் கடல் காவல். பெருநிலப்பரப்பில் வேலி கிடையாது. ஒரு பள்ளத்தாக்கில் ஒழித்தால் அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து வரும். கிழக்கு ஆப்பிரிக்க வகை நோய்க்கிருமிக்குக் காட்டு விலங்குகளும் மாடுகளும் இருப்பிடம் என்பதால் அங்கே சிக்கல் இரட்டிப்பு.

மறதியின் விலை

1960-களில் ஆப்பிரிக்கா முழுவதற்கும் பதிவான நோயாளிகள் ஆண்டுக்கு 5,000-க்கும் குறைவு. நோய் ஒழிந்தது என்று நினைத்தார்கள். நிதி நின்றது, நடமாடும் மருத்துவக் குழுக்கள் கலைந்தன, உள்நாட்டுப் போர்கள் வந்தன. 1998-ல் பதிவானவர்கள் கிட்டத்தட்ட 40,000 பேர். கண்டுபிடிக்கப்படாமல் 3 லட்சம் பேர் இருக்கலாம் என மதிப்பிட்டார்கள். அப்போது கையிலிருந்த மெலார்சோப்ரால் ஆர்சனிக் கலந்த மருந்து. ஊசி போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் மருந்தாலேயே இறந்தார்கள்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2018-ல் அனுமதி பெற்ற ஃபெக்சினிடசோல் வெறும் மாத்திரை, பத்து நாள் சாப்பிட்டால் போதும். அதே ஆண்டு நோயாளிகள் எண்ணிக்கை ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்க வகை நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்ற சான்றிதழை 2020-ல் டோகோ முதலாவதாகப் பெற்றது. அடுத்தடுத்து மற்ற நாடுகளும் பெற்றன. 2025-ல் கினியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. 2030-க்குள் இந்த வகை நோய் பரவுவதையே நிறுத்துவது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு.

இந்தியாவில் செட்சி இல்லை. அதற்காக நமக்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்ல முடியாது. டிரிபனோசோம் விலங்குகளுக்கு நோய் தரும் என்பது முதன்முதலில் தெரியவந்ததே அன்றைய பஞ்சாபில்தான்: 1880-ல் குதிரைகளையும் ஒட்டகங்களையும் வதைத்த 'சுர்ரா'வின் கிருமியைக் கண்டவர் கிரிஃபித் எவன்ஸ். அதைப் பரப்புவது குதிரை ஈ. 2004-ல் மகாராஷ்டிர விவசாயி ஒருவருக்கே அந்தக் கிருமி தொற்றியது. மனித ரத்தத்தில் இயல்பாக உள்ள ஒரு காப்புப் புரதம் அவரிடம் இல்லை. ஆப்பிரிக்காவில் பயன்படும் சுராமின் மருந்து அவரைக் காப்பாற்றியது.

செட்சி மெதுவாகத்தான் பெருகும். ஆனால் மிச்சமிருக்கும் ஈக்களுக்கு அவசரமில்லை. மனிதன் அசந்துபோவதற்கு அவை முப்பது ஆண்டுகூடக் காத்திருக்கும் என்பது 1998-ல் தெரிந்துவிட்டது. போஃபாவின் துணிகள் வெயிலில் வெளுக்கும், கிழியும். மறுபடியும் புதிதாக நட வேண்டும். நோயாளிகள் யாருமே இல்லாத ஆண்டிலும் அதற்குப் பணம் ஒதுக்குவார்களா என்பதுதான் கேள்வி.