வார்ட்டில் மாணவர் வந்து கேட்டால்

கண்டி பெரியாஸ்பத்திரியிலோ பேராதனை போதனா வைத்தியசாலையிலோ படுத்து எழும்பியவர்களுக்குத் தெரியும். பெரிய டொக்டர் வருவதற்குள், ஸ்டெதஸ்கோப் மாட்டிய இளம் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து அதே கேள்விகளைக் கேட்டுவிடுவார்கள். சிலருக்கு எரிச்சல், சிலருக்குப் பயம். இவர்கள் யார், எந்த அளவுக்கு நம்பலாம்?

பேராதனை மருத்துவ பீடம் 1962இல் தொடங்கியது. அங்கே படிப்பு 5 வருடம். படிக்கிறவர் உங்களைப் பரிசோதிக்கலாம், மருந்து எழுத முடியாது. பட்டம் பெற்றபின் ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி. அந்தப் பயிற்சியில் இருப்பவரைத்தான் ஹவுஸ் ஒபிசர் என்கிறோம். இலங்கை மருத்துவ சபையின் தற்காலிகப் பதிவோடு, விசேட வைத்திய நிபுணரின் மேற்பார்வையில் வேலை செய்கிற டொக்டர் அவர்.

நல்ல மாணவரை முதல் நிமிடத்திலேயே கண்டுகொள்ளலாம். பெயரைச் சொல்வார், தான் மாணவர் என்பதை மறைக்கமாட்டார், "பார்க்கலாமா அம்மா?" என்று கேட்டபிறகே கை வைப்பார். சட்டையை விலக்கும் முன் திரையை இழுத்து மூடுவார். என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, "எனக்குத் தெரியாது, கேட்டு வந்து சொல்கிறேன்" என்று சொல்லி, சொன்னபடியே திரும்பி வருவது. தெரிந்ததுபோல் நடிக்கிற பிள்ளையிடம்தான் ஆபத்து இருக்கிறது.

கண்டியில் இன்னொன்றும் உண்டு. கலஹாவிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ வரும் தோட்டத்து அம்மாவுக்குச் சிங்களம் சரளமாக வராது, எதிரே நிற்கும் மாணவிக்குத் தமிழ் வராது. அவசரத்தில் பக்கத்துக் கட்டில்காரரை மொழிபெயர்க்கச் சொல்லிவிடுகிறார்கள். காய்ச்சல், இருமல் என்றால் பரவாயில்லை. மாதவிடாயையோ கருச்சிதைவையோ அடுத்த கட்டில்காரர் வாயால் எப்படிச் சொல்வது? அந்த அம்மா ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிடுவார், வருத்தத்தின் காரணமும் உள்ளேயே நின்றுவிடும். தமிழ் தெரிந்த சக மாணவியையோ தாதியையோ தேடி அழைத்து வருகிறவர், அதற்குச் செலவழிக்கிற பத்து நிமிடத்தில் மருத்துவத்தையே செய்கிறார். வார்ட்டில் கேட்டதை கேன்டீனிலும் பஸ்ஸிலும் பேசாதிருப்பதும் இதே மரியாதைதான்.

மாணவர் பரிசோதிப்பது பிடிக்காவிட்டால் "வேண்டாம் பிள்ளை" என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். அதற்காக உங்கள் சிகிச்சை குறையக் கூடாது. ஆனால் முடிந்தால் இடம் கொடுங்கள், ஆறுதலாக உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்க நேரமுள்ளவர் பெரும்பாலும் அந்த மாணவர்தான். ஏதாவது மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் மட்டும், மாணவரிடம் சொன்னதோடு விட்டுவிடாமல் ஹவுஸ் ஒபிசரிடமும் சொல்லி, கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.